ஒட்சிசன் பாடத்துக்கு ஒரு திறப்பு விழா

கற்பித்தலை மேம்படுத்துவது என்று அந்தப் பல்கலைக்கழகம் முடிவெடுத்த நாளிலிருந்து அங்கே கற்பிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

அதற்கு முன்னால் நிலைமை மிகவும் பின்தங்கியிருந்தது என்பதை மறைக்க முடியாது. முந்தலுக்கும் புத்தளத்துக்கும் நடுவில், களப்பைப் பார்த்தபடி, ஒரு தென்னந்தோட்டத்தை வளைத்துக் கட்டிய சின்னப் பல்கலைக்கழகம் அது. விரிவுரையாளர்கள் காலையில் வருவார்கள், வகுப்புக்குப் போவார்கள், கரும்பலகையில் எழுதுவார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், இவர்கள் பதில் சொல்வார்கள். பிறகு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். இப்படியே பல காலம் எந்த மேம்பாடும் இல்லாமல் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். இதில் வெட்கப்பட ஒன்றிருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஒரு வெளிநாட்டுக் கடன் வந்தது. கடனோடு "கற்பித்தல் கற்றல் மேன்மை நிலையம்" வந்தது. நிலையத்துக்கு இடம் வேண்டுமல்லவா? மின்விசிறிகள் ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே விரிவுரை மண்டபத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே நடந்த வகுப்புகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் எவ்வளவு ஆயுள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் பதுர்தீன். வகுப்பறையை விட்டுத் தள்ளி நின்று பார்த்தால்தான் கற்பித்தல் தெளிவாகத் தெரியும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைப்படி அவர் பல வருஷமாகத் தள்ளியே நின்றார். குணத்தில் தங்கமான மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். அதட்டினால்கூடப் பரவாயில்லை, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். இவர் பொறுமையாக விளக்குவார்.

இவர் கையில்தான் நம் ஸுல்பிகாவின் விதி மாட்டிக்கொண்டது. ஸுல்பிகா நீர்வாழ் உயிரின வளர்ப்புத் துறையில் தகுதிகாண் விரிவுரையாளர். அவளுடைய வாப்பா தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து கரைத்தீவில் குடியேறியவர். அந்த வீட்டில் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் இவள்தான். ஆனால் பதவி இன்னும் உறுதியாகவில்லை. மேன்மை நிலையம் வகுப்பில் வந்து உட்கார்ந்து அவதானித்து, "திருப்தி" என்று எழுதினால்தான் உறுதியாகும். அவளுடைய உம்மா ஒவ்வொரு நாளும் அவள் சப்பாத்தைக் கழற்ற முன்னரே, "என்ன மகள், நிரந்தரமாகிட்டா?" என்று கேட்பார். அவள் "இன்ஷா அல்லாஹ்" என்பாள்.

முதலாவது அவதானிப்புக்கு நிலையத்திலிருந்து ஷஃபீனா என்ற அதிகாரி வந்தாள். கையில் ஓட்டப் போட்டிக்கு வைத்திருக்கும் நேரமானி. ஸுல்பிகா வாய் திறந்ததும் அதை அமுக்குவாள், மூடியதும் அமுக்குவாள். அன்றைய பாடம் குளத்தில் சேருகிற அமோனியா. ஸுல்பிகா விளக்கினாள், பலகையில் வரைந்தாள். பிள்ளைகள் தூங்காமல் கேட்டார்கள். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

அறிக்கை வந்தது. "விரிவுரையாளர் பேசிய நேரம் அளவுக்கு மிஞ்சியது. மாணவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். இது அவர்களின் செயலற்ற நிலையைக் காட்டுகிறது. மாணவி ஒருவர் கேள்வி கேட்டபோது விரிவுரையாளர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். கவலைக்குரியது."

பேராசிரியர் பதுர்தீன் அவளைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"மிஸ் ஸுல்பிகா, ஒரு பிள்ள கேள்வி கேக்குதுண்டா அது அந்தப் பிள்ளைக்குள்ள கற்றல் தொடங்கிட்டு எண்டு அர்த்தம். நீங்க பதிலச் சொன்ன உடன அது நிண்டு பெய்த்து. ஒரு கற்றல நீங்க நிப்பாட்டியிருக்கீங்க."

"அப்ப நான் என்ன சேர் செய்யணும்?"

"திருப்பி ஒரு கேள்வி கேக்கணும்."

"எனக்குப் பதில் தெரியும் சேர்."

"அதான் பிரச்சினையே," என்றார் அவர், மிகுந்த அனுதாபத்தோடு. "தெரிஞ்ச ஆக்கள மாத்துறது சரியான கஷ்டம். தெரியாத ஆக்கள் எங்கட பயிற்சிக்கு வந்தா ஒரே கிழமையில சரியாகிருவாங்க."

அதன் பிறகு மேம்பாடு வேகம் பிடித்தது. கரும்பலகை இருந்தால் அறைக்கு ஒரு முன்பக்கம் உண்டாகிறது, முன்பக்கம் உண்டானால் அதிகாரம் உண்டாகிறது என்று கண்டுபிடித்துக் கரும்பலகைகளைக் கழற்றினார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். வட்டத்தின் நடுவில் விரிவுரையாளர் நின்றால் பாதிப் பேருக்கு முதுகு தெரிவதால், அவரும் ஒரு கதிரையில் உட்கார வேண்டும் என்றது ஒரு சுற்றறிக்கை. அவர் உட்காருகிற கதிரை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்றது அடுத்த சுற்றறிக்கை. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர்கள் மனதில் எழுந்த உணர்வுகளை எழுதி ஒப்படைக்க வேண்டும். வகுப்பு நடக்காவிட்டால் நடக்காததால் எழுந்த உணர்வுகளை எழுத வேண்டும். இரண்டாவது வகை எழுத்துத்தான் கூடுதலாக வந்து சேர்ந்தது.

காரணம் செயலமர்வுகள். "கேட்கும் கலை", "மௌனத்தின் வலிமை", "மதிப்பீட்டை மதிப்பிடுதல்" என்று கிழமை தவறாமல் நடந்தன. விரிவுரையாளர்கள் கட்டாயம் போக வேண்டும். ஆகவே வகுப்புகள் ரத்தாயின. வகுப்புகள் அதிகமாக ரத்தாவது பற்றி உபவேந்தர் கவலை தெரிவித்தபோது, "வகுப்புகளைத் தவறாமல் நடத்துவது எப்படி" என்று கற்பிட்டியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வதிவிடச் செயலமர்வு வைத்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் ஒரு வகுப்பும் நடக்கவில்லை.

இந்த அமளியில் ஸுல்பிகாவின் ஒரு பாடம் பின்னுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போனது. இறால் குளத்தில் ஒட்சிசன். வேறு எந்தப் பாடம் போனாலும் அவள் பொறுத்திருப்பாள். இதை விட முடியாது. இறால் குளத்தில் ஒட்சிசன் குறைந்தால் சுபஹுத் தொழுகைக்கு முன்னால் முழுக் குளமும் செத்து மிதக்கும். முந்தல் பக்கம் அப்படி ஒரே விடியலில் வீடு வளவை விற்ற குடும்பங்களை எல்லோருக்கும் தெரியும். இறுதியாண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் நேரே குளங்களுக்குத்தான் வேலைக்குப் போகப் போகிறார்கள். ஜுமானா என்ற பிள்ளைக்கு வேலையே சரியாகிவிட்டது. முந்தலில் ஒரு பெரிய இறால் பண்ணை. வகுப்புகள் முடிந்த கையோடு வந்து கொஞ்ச நாள் வேலை செய்து காட்டட்டும், பிடித்தால் வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பண்ணையில் அதுவரை ஒரு பெண்ணும் வேலை செய்ததில்லை.

ஒரு நாள் ஜுமானா அவளை வழிமறித்தாள்.

"மிஸ், ஒட்சிசன் எப்ப?"

"நாளைக்கு 'மௌனத்தின் வலிமை' இரண்டாம் பாகம் ஈக்குது. அடுத்த கிழமை பாப்போம்."

"அடுத்த கிழம மேம்பாட்டு வாரம் மிஸ். வகுப்பே இல்லயாம். அதுக்குப் பொறகு பரீட்ச. பரீட்சயிலயும் இப்ப கேள்வி இல்லயாம், 'கற்றல் பயணத்தில் நீங்கள் உணர்ந்தவை' எண்டு ஒரு கட்டுர மட்டுந்தானாம். பரீட்ச பாஸாகிருவோம் மிஸ். நான் குளத்துக்குப் பெய்த்து என்ன செய்ற? இறால்ட்ட நான் என்ன உணர்ந்தன் எண்டு சொல்றதா?"

 ஸுல்பிகாவிடம் பதில் இருக்கவில்லை. மேன்மை நிலையம் பார்த்திருந்தால் பாராட்டியிருக்கும்.

பிள்ளைகள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் படிப்பு நடக்காவிட்டால் என்ன செய்வது என்பது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். டியூஷன் வைத்தார்கள்.

முந்தல் சந்திக்குக் கிட்ட, ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் மர்ஸூக் என்பவருடைய ஹோல் இருந்தது. தகரக் கூரை, நீளவாங்குகள், சுவரகலத்துக்கு ஒரு கரும்பலகை. உயர்தரப் பிள்ளைகள் சனி ஞாயிறில் நெருக்கியடித்து உட்காரும் இடம். ஜுமானா போய்ப் பேசியதும் மர்ஸூக் நாநா சனிக்கிழமைக் காலைகளைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். ஸுல்பிகாவும் ஒரு சதம் வாங்கவில்லை. ஆனால் சத்தமில்லாமல் நடக்க வேண்டும் என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நீங்க பயப்படாதீங்க மிஸ், ஒரு குஞ்சுக்கும் தெரியவராது," என்றார் மர்ஸூக்.

அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷம் டியூஷன் ஹோல் நடத்தியவருக்குப் போஸ்டர் இல்லாத வகுப்பு என்பது மாப்பிள்ளை இல்லாத கல்யாணம். கை சும்மா இருக்குமா? முதல் வகுப்பு முடிந்த மறுநாள் விடியும்போது சிலாபம் – புத்தளம் வீதியில் மதில், மின்கம்பம், பஸ் தரிப்பிடம் எல்லாவற்றிலும் ஸுல்பிகா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கச்சியின் கல்யாணத்தில் எடுத்த படம். பின்னால் ஒரு பெரிய இறால். "கம்பஸ் வரலாற்றில் முதல் தடவையாக! நீரியல் சூறாவளி ஸுல்பிகா மிஸ்! ஒட்சிசன் – ஆரம்பம் முதல் இறுதி வரை!" என்று சிவப்பும் மஞ்சளுமாக எழுதியிருந்தது. ஒட்டுகிற பொடியன்கள் ஒன்றை மேன்மை நிலையத்தின் வாசலிலும், தொலைநோக்கு எழுதியிருந்த பலகைக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

பேராசிரியர் பதுர்தீன் அவளைக் கூப்பிட்டார். மேசையில் அந்தப் போஸ்டர் விரித்திருந்தது. பக்கத்தில் ஷஃபீனா, நேரமானியோடு.

"மிஸ் ஸுல்பிகா, நேரடியாக் கேக்குறன். நீங்க படிப்பிச்சீங்களா?"

"ஓம் சேர். ஒட்சிசனுக்கு அடிப்படையான ஒரு வகுப்பு முடிஞ்சிட்டு. வாற சனிக்கிழமைதான் ஒட்சிசன்."

"ஒத்துக்கொள்றீங்க."

"ஓம் சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு பெரிய நிலையம், இவ்வளவு ஆளணி, இவ்வளவு கடன். எல்லாம் எதுக்கு? இப்பிடி ஒராள் பெய்த்து ஒரு மேல்மாடியில நிண்டு பேசப் பேசப் புள்ளைகள் எழுதுறதுக்கா? நாங்க இந்தப் புள்ளைகளுக்கு இதிலேருந்து விடுதல குடுத்து எவ்வளவு காலம்! நீங்க திருப்பி அதுக்குள்ளயே தள்ளிட்டீங்க. உங்கட பதவிய உறுதிப்படுத்தச் சொல்லி நான் எப்பிடிக் கையெழுத்து வெக்கிற?"

ஸுல்பிகா தலையைக் குனிந்துகொண்டாள். உம்மாவிடம் என்ன சொல்வது என்று அவளுக்குள் ஓடியது. அப்போது தொலைபேசி அடித்தது. பணிப்பாளர் எடுத்தார், எழுந்து நின்றார், "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார், பிறகு மெல்ல உட்கார்ந்தார். கடன் கொடுத்த திட்டத்தின் கண்காணிப்புக் குழு கொழும்பிலிருந்து வருகிறதாம். கட்டடத்தைப் பார்க்க வேண்டாமாம், அறிக்கையும் வேண்டாமாம். பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை.

 மேம்பாட்டு வாரத்தை முன்னிட்டு எல்லா வகுப்பும் நிறுத்தப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு பிள்ளையையும் காண முடியாது.

"அந்த மேல்மாடிக்கு எத்தின புள்ள வருவாங்க?" என்று கேட்டார் பதுர்தீன்.

"இறுதியாண்டு முழுப் பேரும் சேர்."

"முழுப் பேருமா? கட்டாயப்படுத்தாமயா?" அவர் போஸ்டரைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அவர் குரலே மாறியது. "மிஸ் ஸுல்பிகா, இது டியூஷன் இல்ல. இது சமூகத்தோடு இணைந்த வளாகம் கடந்த கற்றல் வெளி. எங்கட நிலையம் ஆரம்பத்திலேருந்தே இதத்தான் சிந்திச்சுக்கொண்டு ஈந்தது. சனிக்கிழம அத முறையாத் திறந்து வெப்போம். அண்டைக்கே ஷஃபீனா உங்கட பாடத்த அவதானிக்கட்டும். சரியா வந்திச்செண்டா உங்கட விஷயத்தயும் அதோட முடிச்சிரலாம்."

"சேர், அண்டைக்கு நான் ஒட்சிசன் படிப்பிக்கணும். ஜுமானா திங்கக்கிழம குளத்துக்குப் போறா. அதுக்குப் பொறகு வேற நாளே இல்ல."

"தாராளமாப் படிப்பிங்க. ஆனா நீங்க பேசப்படாது."

சனிக்கிழமை வந்தது. மர்ஸூக்கின் ஹோலை அடையாளமே கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்குகள் போய் வட்டமாகக் கதிரைகள் வந்திருந்தன. சுவரகலக் கரும்பலகையைக் கழற்றி, அதே இடத்தில் திறப்பு விழாவுக்கான கறுப்புப் பளிங்குக் கல்லைப் பதித்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் இலச்சினை, உபவேந்தர், பணிப்பாளர், திட்டத் தலைவர் பெயர்கள் என்று மேல்பாதி நிரம்பியிருந்தது. பிற்காலத்துத் தலைவர்களுக்காகக் கீழ்ப்பாதியைச் சும்மா விட்டிருந்தார்கள். ஹோலின் பின்பகுதியைத் திரை போட்டு மறைத்து, அங்கே விருந்தினர்களுக்குப் பாய் விரித்திருந்தது. கீழே வாசலில் வரவேற்பு வளைவின் நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. விரட்டினார்கள், சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே நின்றன. ஆண்டறிக்கையில் வெளியான படத்தில் அவையும் இருக்கின்றன, "சமூகப் பங்காளர்கள்" என்ற தலைப்பின் கீழ்.

நிகழ்ச்சி நிரல் பெரிது. வெற்றிலை கொடுத்து வரவேற்பு, தேசிய கீதம், கிராஅத் ஓதல், மற்ற மதங்களின் ஆசி, விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, கல் திரைநீக்கம், சிறப்புரை. அதற்குப் பிறகு "பாட அவதானிப்பு". கடைசியில் "நன்றியுரை – ஸுல்பிகா". நன்றியுரையை இவளுக்குக் கொடுத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, அதை வேறு ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

பேராசிரியர் பதுர்தீன் தலைமையுரை நிகழ்த்தினார். "முன்னைய காலத்தில் ஆசிரியருக்கு எல்லாம் தெரியும், மாணவருக்கு ஒன்றும் தெரியாது என்ற அநீதி நிலவியது. எமது நிலையத்தின் அயராத உழைப்பினால் இன்று அந்த இடைவெளி முற்றாக நீங்கியுள்ளது. இன்று இருவரும் சமம். இந்தத் துறையில் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை என்று நாங்கள் இன்னும் ஆராயவில்லை. ஆனால் அவற்றை எவ்வாறு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எங்களிடம் பூரண தெளிவு இருக்கிறது." கொழும்பிலிருந்து வந்த திட்டத் தலைவர் தலையசைத்தார். பிள்ளைகள் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜுமானா முன்வரிசையில் இருந்திருப்பாள், வட்டத்தில் முன்வரிசை இல்லை.

சிறப்புரையாற்றிய கொழும்புத் தலைவர் தான் மாணவனாக இருந்தபோது தன் ஆசிரியர்கள் எவ்வளவு அருமையாகக் கற்பித்தார்கள் என்று நெகிழ்ந்து நெகிழ்ந்து பேசினார். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். அவர் முடிக்கும்போது பாட அவதானிப்புக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் போய்விட்டிருந்தது. ஷஃபீனா நேரமானியைப் பார்த்தாள், எழுதினாள்.

அதே நேரம் கீழேயிருந்து புரியாணி மணம் படியேறி வந்தது. மர்ஸூக் சஹன் சாப்பாடு சொல்லியிருந்தார். ஆறு பேருக்கு ஒரு பெரிய தாலம், சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிட வேண்டும். பெண் விருந்தினர்களுக்குப் புறம்பாக ஒன்று.

"சோறு ஆறிரும் சேர்," என்றார் மர்ஸூக் கவலையோடு.

"அப்ப விருந்தினர்கள் திரைக்கு அங்கால சாப்பிடட்டும்," என்று பணிப்பாளர் முடிவு செய்தார். "நன்றியுரைய மைக்ல சொல்லுங்க மிஸ். சாப்பிட்டுக்கொண்டே கேப்போம்."

எல்லோரும் போனார்கள், ஷஃபீனாவும். திரை விழுந்தது. ஹோலில் பிள்ளைகளும் ஒலிவாங்கியும் ஸுல்பிகாவும் மட்டும். அவள் ஜுமானாவைப் பார்த்தாள். பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. இதற்கு மேல் வகுப்பு இல்லை, நாளை மறுநாள் இவள் தனியே குளக்கட்டில் நிற்கப் போகிறாள். ஸுல்பிகாவுக்கு ஆத்திரம் வந்தது. அவள் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தாள்.

"பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். கௌரவ விருந்தினர்களே, அன்பு மாணவர்களே! இன்றைய நிகழ்வு மூச்சுத் திணறாமல் நடைபெற உதவிய அனைவருக்கும் நன்றி கூறுவது என் கடமை. முதலாவதாக, குளத்து நீரில் வாழும் பச்சைப் பாசிகளுக்கு எமது மனமார்ந்த நன்றி!"

திரைக்குப் பின்னால் நன்றி என்ற சொல் கேட்டதும் வழக்கப்படி தட்டினார்கள். வலக்கை சோற்றில் இருந்ததால் இடக்கையால் தொடையில் தட்டினார்கள்.

"சூரிய ஒளியை வாங்கி, பகல் முழுவதும் ஒட்சிசனை நீருக்குள் விடுபவர்கள் இவர்களே. ஆகவே பின்னேரத்தில்தான் குளத்தில் ஒட்சிசன் ஆகக் கூடுதலாக இருக்கும்." வட்டத்தில் முதலாவது கொப்பி திறந்தது. பிறகு எல்லாக் கொப்பிகளும் திறந்தன. "இரண்டாவதாக, சூரியன் போன பிறகு நடப்பதை நினைவுகூர்கிறேன். அதே பாசி இரவில் ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். இறாலும் எடுக்கும். அடியில் கிடக்கும் மிச்சத் தீனியை அழுகவைக்கும் பக்டீரியா எல்லோரையும் விடக் கூடுதலாக எடுக்கும். கொடுக்க ஒருவருமில்லை, எடுக்க எல்லோரும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் விடியும் முன் என்ன நடக்கும்?"

"முடிஞ்சிரும் மிஸ்," என்றார்கள் பிள்ளைகள் தாழ்ந்த குரலில்.

திரைக்கு அங்கால் கொழும்புத் தலைவர் பலமாகத் தலையாட்டினாராம். நாட்டு நிலைமையைப் பற்றிய கருத்து என்று எடுத்திருக்கிறார்.

பதுர்தீனுக்கு மட்டும் கொஞ்சத்தில் என்னவோ போல இருந்தது. நன்றியுரையில் இதுவரை தன் பெயர் வரவில்லை. ஆனால் அவர் திட்டத் தலைவரோடு ஒரே சஹனில் உட்கார்ந்திருந்தார். சஹனில் உட்கார்ந்தவர் மற்ற ஐந்து பேரும் முடிக்காமல் எழும்பினால் அதைவிட மரியாதைக் கேடு இந்தக் கரையில் வேறில்லை. அதுவும் பிரதம விருந்தினர் கை வைத்த சஹனில்! கொழும்புத் தலைவரோ இறைச்சியை எலும்பிலிருந்து நிதானமாகப் பிரிக்கிற மனிதர்.

ஸுல்பிகாவுக்குப் படம் வரைய வேண்டியிருந்தது. மர்ஸூக் சேட்டுப் பையிலிருந்து ஒரு சோக்கட்டியை எடுத்து நீட்டினார். அவர் பையில் எந்த நேரமும் அது இருக்கும். பளிங்கில் கொஞ்சம் வழுக்கினாலும் எழுத்து விழுந்தது. பெயர்களுக்குக் கீழே, எதிர்காலத் தலைவர்களுக்காக விட்ட இடத்தில், காலையில் ஏறி, பின்னேரம் உச்சிக்குப் போய், விடியலில் அடியைத் தொடுகிற ஒட்சிசன் கோடு நீளமாக வந்தது.

"மப்பு மந்தாரமான நாட்களுக்கும் நன்றி. அன்று பாசி விடும் ஒட்சிசன் குறைவு என்பதை அவை எமக்கு நினைவூட்டுகின்றன." தட்டல். "இறால் மேலே வந்து கரையோரம் நிற்பதைக் கண்டதும் பதறாமல், நீரைக் கலக்கிக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்களைப் போடும் பொறுப்பாளருக்கு விசேட நன்றி. அன்றைய தீனியை நிறுத்தும் அவரது துணிவுக்கும் நன்றி."

தட்டல்.

ஜுமானா கை உயர்த்தினாள். நன்றியுரையில் கை உயர்த்தியவரை இந்த நாடு அதுவரை கண்டிருக்காது.

"மிஸ், பெரிய மழை பெஞ்சா?"

ஸுல்பிகா அதற்குத் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. "இந்தக் கேள்விக்கும் எமது நன்றி. மழைத் தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீருக்கு மேலே படையாகக் கிடக்கும். அடித்தண்ணீருக்குக் காற்றுப் போகாது. மழை விட்டதும் சக்கரத்தைப் போட்டுக் கலக்கவேண்டும்." அவர்கள் எழுதினார்கள். இன்னொரு கை உயர்ந்தது. இன்னொன்று. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்து, வட்டிலப்பமும் முடிந்து, கை கழுவத் தண்ணீர்ப் பாத்திரம் சுற்றுக்கு வரும்போது அவள், "இறுதியாக, பணிப்பாளர் பேராசிரியர் பதுர்தீன் அவர்களுக்கும் நன்றி. வஸ்ஸலாம்," என்று முடித்தாள். அந்தத் தட்டல்தான் ஆகப் பலமானது. ஜுமானா கொப்பியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விருந்தினர்கள் வெளியே வர முன்னால் மர்ஸூக் தோள் சால்வையால் கல்லைத் துடைத்துவிட்டார்.

ஷஃபீனாவின் அறிக்கை வந்தது. "பாடத்துக்குரிய நேரத்தில் விரிவுரையாளர் பேசிய நேரம்: பூச்சியம். இவ்வாறானதொரு பெறுமானம் நிலையத்தின் வரலாற்றில் பதிவாவது இதுவே முதல் தடவை. நன்றியுரை பாட நேரத்துக்குள் அடங்காது. பாடம் முடிந்த பின்னரும் மாணவர்கள் தாமாகவே எழுதிக்கொண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. மிகத் திருப்தி."

"இவ்வளவு காலமா நான் தேடினது இதத்தான் மிஸ்," என்றார் பதுர்தீன், உறுதிப்படுத்தல் கடிதத்தை நீட்டிக்கொண்டே. குரல் தழுதழுத்தது. "ஒரு வார்த்த பேசல்ல. புள்ளைகள் படிச்சிருக்காங்க. இனி நீங்கதான் மத்த ஆக்களுக்கு மாதிரி. எந்த வகுப்பிலயும் நீங்க வாய் திறக்கப்படாது. கொழும்பிலேருந்து அடிக்கடி பாக்க வருவாங்க."

ஸுல்பிகா வீட்டுக்குப் போனாள். உம்மா கேட்க முன்னரே, "ஆகிட்டு உம்மா," என்றாள். உம்மா அழுதார். தானும் ஏன் அழுகிறோம் என்று ஸுல்பிகாவுக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, காலையில் வேலைக்குப் புறப்படுகிற நேரம் ஜுமானாவின் அழைப்பு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"மிஸ், நேத்துப் பகலெல்லாம் மப்பு. சுபஹுக்கு எழும்பிப் பாக்கிறன், இறால் கரையெல்லாம் வந்து நிக்கிது. காவல்கார நாநா சுண்ணாம்பு போடுவோம் எண்டார். நான் வேணாம் எண்டு சக்கரம் எல்லாத்தயும் போட்டன். தீனியயும் நிப்பாட்டிட்டன். மொதலாளி வந்து ஏசினார் மிஸ், கரண்ட் பில் ஏறுதாம். நான் நிப்பாட்டல்ல. இப்ப வெயில் ஏறிட்டு. எல்லாம் கீழ பெய்த்து மிஸ்! ஒண்டும் சாகல்ல! மொதலாளியே எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தார்."

ஸுல்பிகா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதோடு பயமாகவும் இருந்தது. அடுத்த தொகுதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒட்சிசனும் தெரியாது, உப்புத்தன்மையும் தெரியாது, நோயும் தெரியாது. அவளோ இப்போது நிரந்தரமாகப் பேசக்கூடாதவள்.

அன்று காலை அவள் நேராகப் பணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

"சேர், எங்கட கற்றல் வெளிக்கு மேல மர்ஸூக் நாநா ஒரு தண்ணித் தாங்கி வெச்சிருக்கார். இன்னும் திறந்து வெக்கல்ல."

பதுர்தீனின் முகம் மலர்ந்தது. உடனே நாட்காட்டியைப் புரட்டினார். "கல் ஒண்டு செய்யணுமே."

"கறுப்புக் கல்லாப் பாத்துச் செய்வோம் சேர். கொஞ்சம் பெருசா. கீழால நிறைய இடம் விட்டு. சாப்பாடு சஹன்தான்."

"நல்லம், நல்லம். நன்றியுரைதான் ஒருத்தரும் வாங்க மாட்டாங்களே."

"அத நான் செய்றன் சேர்," என்றாள் ஸுல்பிகா. "படிக்கட்டுக்குக் கைப்பிடியும் போட்டிருக்காங்க. அதுக்குத் தனியா ஒரு நாள் வெப்போம்."